ஒன்பதாவது கல்

"இதுல எது கல்லு, எது தூசி?"

கேட்டது முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக வந்த பிள்ளைகளில் ஒருத்தி. கேட்டதை அவள் அன்றே மறந்திருப்பாள். அந்தக் கேள்விதான் ஒரு மனிதரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில் ஓர் இருட்டறை உண்டு. வாசலில் கனத்த கறுப்புத் திரை. உள்ளே நீள மேசை, அதன்மேல் கறுப்புத் துணி, துணிமேல் ஒன்பது கற்கள். சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் சாலை போடக் கொட்டி வைத்த ஜல்லிக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கு மேலே தொங்கும் புற ஊதா விளக்கைப் போட்டால் போதும். ஒன்று தணலாகச் சிவக்கும். ஒன்று தளிர்ப் பச்சையாகும். ஒன்று ஆரஞ்சு. கடைசியில் வைத்திருந்த ஒன்பதாவது கல் மட்டும் எரிவாயு அடுப்பின் சுடரைப் போல நீலமாக எழும். அது பெனிட்டோயிட் என்ற அபூர்வமான சிலிக்கேட் கனிமம். வெள்ளைப் பாறைத் துண்டில் பதிந்த, விரல்நகம் அளவே உள்ள முக்கோணப் படிகம். யாரோ ஒரு புண்ணியவான் சாகும்போது கொடையாகக் கொடுத்தது.

அந்த விளக்கின் கீழே கல் மட்டும் ஒளிராது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை ஒளிரும், பல் ஒளிரும், கல்மேல் ஒட்டிய பஞ்சுத் தூசியும் நீல வெள்ளையாக ஒளிரும். ஒன்பதாவது கல்லைச் சுற்றி அன்று நிறையப் பஞ்சு. அதனால்தான் சிறுமிக்கு அந்தச் சந்தேகம்.

"நல்லாக் கேட்டே கண்ணு. ஊதிப் பாரு. பறந்தா தூசி, பறக்காட்டி கல்லு" என்றார் இருட்டு மாமா.

பன்னிரண்டு பிள்ளைகளும் மேசைமேல் குனிந்து ஊதித் தள்ளினார்கள். அறையே சிரித்தது.

இருட்டு மாமா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, பயந்து அழுகிற குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மற்றவர்களுக்குக் கதை சொல்வது எல்லாம் அவர் வேலை. காப்பாட்சியர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற அவருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அன்று திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கற்களுக்கு எண் போட்டு, அட்டை எழுதி, பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். எல்லோருக்கும் லேபிள் அக்கா. வேலையில் ஒரு குறை வந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கல் எது தூசி எது என்று ஒரு குழந்தை கேட்கும்படி வைத்திருக்கிறோமே என்று அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த வாரமே கண்ணாடிக் கடையில் சொல்லி, ஒவ்வொரு கல்லுக்கும் அளவெடுத்து ஒரு சின்னக் கண்ணாடி மூடி செய்ய வைத்தாள். காப்பாட்சியர் பார்த்துவிட்டு, "நல்ல யோசனைம்மா" என்றார். திங்கட்கிழமை, விடுமுறை நாளில், அவளே தன் கையால் ஒன்பதையும் கவிழ்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வரிசை உள்ளே போனது. இருட்டு மாமா விளக்கைப் போட்டார். சிவப்பு வந்தது, பச்சை வந்தது, ஆரஞ்சு வந்தது. கண்ணாடிக்குள்ளே இருப்பதால் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஒன்பதாவது கல் எரியவில்லை.

அவர் விளக்கை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, மூடியோடு அந்தக் கல்லைக் காப்பாட்சியரின் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"எட்டும் எரியுது, இது மட்டும் எரியலை சார்" என்றார்.

காப்பாட்சியர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் படித்தது பழைய கல்வெட்டு. கனிமம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையில் எழுதியிருந்ததுதான். நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஊதா விளக்கு வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவரச் சொன்னார். மூடியை எடுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, அந்த விளக்கைக் கல்லருகே பிடித்தார். நீலம் வரவில்லை. தராசில் வைத்துப் பார்த்தார். பதிவேட்டில் இருந்த எடை ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. அது நல்ல சேதி அல்லவா? அவருக்கு அது கெட்ட சேதியாகத் தெரிந்தது. படிகத்தைப் பெயர்த்துவிட்டு, எடை பார்த்துக் கண்ணாடிச் சில்லை ஒட்டியிருக்கிறான் என்றால், எடுத்தவன் எவ்வளவு நிதானமாகச் செய்திருக்க வேண்டும்!

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு சார். லேபிள் அம்மாகிட்ட ஒண்ணு."

"பூட்டுலயே சாவியை விட்டுட்டுப் போனது உண்டா?"

கூட வந்து நின்றிருந்த லேபிள் அக்கா பேச வாயெடுத்தாள். அந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை அப்படி நடந்தது அவளுக்குத்தான் தெரியும். சாவியை எடுத்து, சத்தம் போடாமல் அவர் மேசை இழுப்பறையில் வைத்தவள் அவள். இப்போதெல்லாம் அவருக்கு மறதி வந்திருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடி தேடுவார். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள நாடா தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "உண்டு சார். ரெண்டு தடவை."

ஊதா விளக்கைக் கொண்டுவந்த, சீட்டுக் கொடுக்கிறவன் நிலைமையை இலேசாக்கப் பார்த்தான். "என்ன மாமா, அத்தைக்கு மோதிரம் பண்ணிப் போட்டுட்டீங்களா?"

"அவ விரலுக்கு இந்தக் கல்லு போறாதுப்பா. செங்கல்லு வேணும்" என்று சிரித்தார் இருட்டு மாமா. கூடச் சிரிக்க ஆள் இல்லாததைப் பார்த்ததும் மெல்ல நிறுத்திக்கொண்டார்.

கல்லை உறையில் போட்டு அரக்கு வைத்து இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் போனது. பதில் வர மூன்று மாதமாவது ஆகும் என்றார்கள். அதுவரை வீட்டில் இருக்கும்படி இருட்டு மாமாவிடம் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் லேபிள் அக்கா அவரோடு நின்றாள். சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் எடுக்கலைம்மா" என்றார்.

"எனக்குத் தெரியாதா மாமா?"

"எடுத்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்." பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "இருக்கும்தானே?"

அவள் பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டு வாரம் போயிற்று. திங்கட்கிழமை, துப்புரவு அக்கா இருட்டறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "லேபிளு, உன் மூடி பூரா பிள்ளைங்க கைரேகை. எல்லாத்தையும் கழுவிக் கவுத்திருக்கேன். காஞ்சதும் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வாளியோடு போனாள். கறை எங்கேனும் இருக்கிறதா என்று பார்க்கப் புற ஊதா விளக்கைப் போட்ட லேபிள் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

மூடி இல்லாத எட்டுக் கற்களும் தீப்பிடித்ததைப் போல எரிந்தன. மூடி போட்டதிலிருந்து பார்த்தது இந்தச் சிவப்பே அல்ல, இந்தப் பச்சையே அல்ல. ஒரு மூடியை எடுத்துத் துடைத்துப் பச்சைக் கல்மேல் வைத்தாள். பச்சை மங்கிப் போயிற்று. எடுத்தாள், எரிந்தது. வைத்தாள், மங்கியது. எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அலமாரியைத் திறந்து அந்த விளக்கோடு வந்த பழைய கையேட்டைத் தேடி எடுத்தாள். அதற்கு எண் போட்டு வைத்ததே அவள்தான். உள்ளே பிரித்துப் படித்தது இல்லை. விளக்கில் இரண்டு குழாய் என்று அதில் போட்டிருந்தது. ஒன்று நீண்ட அலை, இன்னொன்று குறுகிய அலை. நீண்ட அலை கண்ணாடியைத் தாண்டும். குறுகிய அலையைச் சாதாரணக் கண்ணாடி விடவே விடாது. ஆகவே கற்களைத் திறந்து வைத்தே பார்க்க வேண்டும். சில கற்கள் இரண்டுக்கும் ஒளிரும். பெனிட்டோயிட் குறுகிய அலைக்கு மட்டும்தான். கள்ளநோட்டுப் பார்க்கிற விளக்கு தருவதோ நீண்ட அலை. அதன்முன் நாள் முழுக்கப் பிடித்தாலும் அந்தக் கல் கண் திறக்காது.

அப்படியானால் கல் கல்தான். யாரும் எடுக்கவில்லை. நீலத்தை மறைத்தது அவள் கண்ணாடி.

நேரே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காப்பாட்சியரின் அறைக்கு முப்பது அடி. அவள் நடக்கவும் தொடங்கினாள். நடையில் பாதியில் நின்றாள்.

ஏழு வருடமாக அவள் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்துவிட்டது என்கிற தாளையும், மறுபடி வேலை என்கிற தாளையும் ஒரே உறையில் வாங்கிப் பழகியவள். இந்த வருடம் நிரந்தர உத்தரவு தயாராகி, கையெழுத்துக்காகக் காப்பாட்சியரின் மேசையில் இருந்தது. அதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். இப்போது போய், இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் நான்தான், கையேட்டை ஒரு தடவை படித்திருந்தால் போதும் என்று சொன்னால்?

உத்தரவு கைக்கு வரட்டும், மறுநாளே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மனசாட்சியிடம் தவணை கேட்டவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம்.

அந்த நாட்களில் அவள் காலையும் மாலையும் வேண்டிக்கொண்டாள். வேறு யாராவது இதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் வேண்டுதல். கடவுள் காதில் அது விழாமலா இருக்கும்? கண்டுபிடித்த ஒருத்தி ஏற்கெனவே இருக்கும்போது இன்னொருத்தரை அவர் எதற்காக அனுப்ப வேண்டும்?

உத்தரவு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பதினோரு நாள் போயிற்று.

பதினோராவது நாள் அவள் மேசைக்கு ஒரு தாள் வந்தது. எண் போட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டிய தாள். இரண்டு நாளைக்கு முன்பு இருட்டு மாமாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் காவல் நிலையம் வரை போகாமல், மரியாதையாக ஓய்வில் அனுப்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

'என் கவனக்குறைவால் கல் காணாமல் போயிருக்கலாம்.'

அதுவரை காப்பாட்சியர் சொல்லச் சொல்ல எழுதியது. அதற்குக் கீழே, யாரும் கேட்காத இன்னொரு வரி இருந்தது.

'நானே எடுத்து எங்காவது வைத்துவிட்டு மறந்திருக்கவும் கூடும்.'

லேபிள் அக்கா எழுந்தாள். இந்தத் தடவை நடையில் நிற்கவில்லை.

"சார், மூடி இல்லாம அந்தக் கல்லை நம்ம விளக்குல ஒரு தடவை பார்க்கணும்."

"எதுக்கும்மா?"

சொன்னாள். கண்ணாடி, அலை, கையேடு எல்லாம் சொன்னாள். எப்போது தெரிந்தது என்று அவர் கேட்டபோது, "இன்னைக்குத்தான் சார்" என்று அவள் வாய் சொல்லிற்று.

அரக்கை உடைத்தார்கள். இருட்டறையில், கறுப்புத் துணிமேல், திறந்த கல்லை வைத்து விளக்கைப் போட்டார்கள். ஒன்பதாவது கல் அதே நீலத்தில், எதுவுமே நடக்காததுபோல எரிந்தது. காப்பாட்சியர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லு இருக்கே, அது போதும். கொடுத்தவங்க குடும்பம் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தூக்கமே இல்லை."

"அவர் எழுதின தாளைக் கிழிச்சுடலாம் சார்."

"கோப்புல ஏறின தாளும்மா. எடுக்க முடியாது. மேல இன்னொரு தாள் வைக்கலாம்."

"மேல வெச்சாலும் கீழ இருக்கிறது இருக்குமே சார்."

"இருக்கும். என்ன பண்றது?"

அவர் அவளைத் திட்டவில்லை. தானும் விசாரிக்காமல் விட்டோமே என்று அவருக்கும் உறுத்தல் இருந்திருக்கலாம். நாலு நாள் கழித்து நிரந்தர உத்தரவும் வந்துவிட்டது. இதற்குத்தான் பயந்தோமா என்று நினைத்தபோது அந்தத் தாளைத் தொடவே அவளுக்குக் கூசியது.

குற்றம் ஏதும் இல்லை என்ற கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளே இருட்டு மாமாவின் வீட்டுக்குப் போனாள். இரண்டே அறை உள்ள மாடி வீடு. கதவைத் திறந்த அத்தை அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்த நாளிலேர்ந்து தேடிக்கிட்டே இருக்கார். மாவு டப்பா, தலைகாணி உறை, செருப்பு, ஒண்ணு பாக்கி இல்லை. வீட்டுல எங்கேயோதான் வெச்சிருக்கேன்கிறார்."

கடிதத்தை அத்தை சத்தமாகப் படித்தாள். இருட்டு மாமா கடைசி வரை கேட்டுவிட்டு, "ரொம்பச் சந்தோஷம்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேரே அலமாரிக்குப் போய் டப்பாக்களை இறக்கத் தொடங்கினார்.

மருத்துவர் பார்த்துவிட்டு, இந்த மறதி நோய் ஒரு வருடமாகவே உள்ளே இருந்திருக்கிறது, இது நடக்காவிட்டாலும் வந்திருக்கும் என்றார். இத்தனை வேகமாக வந்திருக்குமா என்று லேபிள் அக்கா கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அவள் அங்கே போக ஆரம்பித்தாள். அவள் வந்தால் அத்தைக்கு இரண்டு மணி நேரம் விடுதலை. மருந்து வாங்கி, காய் வாங்கி, வழியில் கண்மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு வருவாள். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"கல்லு கிடைச்சுதாம்மா?" என்பார் அவர், அவள் உட்காருவதற்கு முன்பே.

"கிடைச்சுது மாமா."

"அப்பாடா. யார் எடுத்தது?"

"யாருமே எடுக்கலை."

அவர் யோசிப்பார். புருவம் நெருங்கும். "யாரும் எடுக்கலைன்னா எப்படிக் காணாமப் போகும்? அப்ப நான்தான்" என்று எழுந்துவிடுவார். மறுபடி டப்பா.

இரண்டு ஞாயிறு இப்படியே நடந்தது. கல் கிடைத்த சேதி அவருக்குப் போதவில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. ஒரு தவறு நடந்திருக்கிறது என்பது மட்டும் அவர் மனதில் கல்லாகத் தங்கிவிட்டது. அதற்கு ஆள் இல்லையென்றால் அதைத் தானே தூக்கிக்கொள்கிற குணம் அவருக்கு. வேறொருத்தர் வந்து வாங்கிக்கொண்டால் ஒழிய அவர் அதை இறக்கி வைக்க மாட்டார்.

மூன்றாவது ஞாயிறு அவள் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கல்லு கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது. தப்புப் பண்ணினது நான்தான் மாமா." கண்ணாடி மூடியிலிருந்து தொடங்கிச் சொன்னாள். காப்பாட்சியரிடம் சொன்ன இடத்தோடு நிறுத்தவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும். பதினோரு நாள் முன்னாடியே. வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. நீங்க எதையும் எடுக்கலை, எதையும் மறக்கலை. எல்லாம் நான்."

அவர் முன்னால் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"பதினோரு நாளா?"

"ஆமா மாமா."

"தனியாவா வெச்சுக்கிட்டு இருந்தே?"

 அவள் தலையை ஆட்டினாள்.

"பயந்துட்டே பாவம்" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

அன்று அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி, இருட்டறைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி ஏதேதோ பேசினார். சாயங்காலம் வரை அது நிலைத்தது. அதற்குமேல் நிலைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதே கேள்வி. அவள் அதே பதிலை முதலிலிருந்து சொன்னாள். மறந்துவிடுகிறவரிடம் சொல்வது சுலபமல்லவா என்று அவளுக்கே ஒரு தடவை தோன்றியது. சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவையாகக் கேட்டார். அந்தப் பதினோரு நாள் வரும்போது அவர் முகம் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாடியது. பிறகு ஒவ்வொரு தடவையும் புதிதாக மன்னித்தது. அத்தையிடமும் ஒருநாள் இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கான தைரியத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருந்தது. போனபோது அவர் தரையெல்லாம் டப்பாக்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் கை ஒரு டப்பாவின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்மிய குரலில், கண்ணாடி மூடியிலிருந்து தொடங்கினாள். அந்தப் பதினோரு நாளில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

கேட்டு முடித்தபோது அவர் கை டப்பாவிலிருந்து வெளியே வந்து மடியில் கிடந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அத்தை வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. லேபிள் அக்கா எழுந்து, சத்தம் வராமல், டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி அதனதன் இடத்தில் வைக்கத் தொடங்கினாள்.